இரண்டு விரற்கடை

கால்பந்து என்றுதான் அழைத்தார்கள்.
காலுக்கு அதில் அதிக வேலையில்லை.
பந்தும் பந்தாக இல்லை,
தையல் போட்ட பப்பாளி.

அயோவா. நவம்பர். மைனஸ் நான்கு.
செயற்கைக்கோள் வைத்து நிலம் அளக்கப்
பயிற்சிக்கு வந்தவன்
சனிக்கிழமை விடுதியில் முடங்கக்கூடாதென்று
கணக்குப் பிரிவு மார்லிஸ் டைக்ஸ்ட்ரா
இந்த அலுமினியப் பலகைக்கு இழுத்து வந்துவிட்டாள்.
கோட்டு அவள் கணவனுடையது.
அவன் வாத்து வேட்டைக்குப் போயிருக்கிறான்.
பையில் ஒரு பெட்ரோல் ரசீது,
ஜோடியில்லாத கையுறை.

எட்டு நொடி மோதல்.
பிறகு நாற்பது நொடி கூடி நின்று பேச்சு.
மறுபடி எட்டு நொடி.
சண்டைக்கு நடுவே பஞ்சாயத்தா
பஞ்சாயத்துக்கு நடுவே சண்டையா,
பிடிபடவில்லை.
எல்லோரும் எழுந்தபோது எழுந்தேன்.
ஒருமுறை தப்பான பக்கத்துக்குக் கை தட்டிவிட்டேன்.
முன்வரிசைக் கிழவர் திரும்பி
என் குல்லாயின் நிறத்தைப் பார்த்து
மன்னித்தார்.

"அதோ அறுபத்துநாலு, என் அக்கா மகன்."
நூற்று முப்பது கிலோ குனிந்து நின்றது.
"நன்றாக ஆடுவானா?"
"பந்தை இதுவரை தொட்டதில்லை."
"எத்தனை நாளாக?"
"நாலு வருஷமாக."
பெருமையாகத்தான் சொன்னாள்.

கடைசிக் கால்பகுதி. நாலாவது முயற்சி.
குவியலாக விழுந்தார்கள்.
ஒவ்வொருவராக உரித்தெடுக்க
அடியில் ஒருவன்,
அவன் வயிற்றுக்கடியில் பப்பாளி.
வரிச்சட்டை நடுவர் உற்றுப் பார்த்து
இங்கே என்று வைத்தார்.
சும்மா, கண் மதிப்பில்.
ஓரத்திலிருந்து இரண்டு பேர்
ஆரஞ்சுக் கம்புகளோடு ஓடி வந்தார்கள்,
நடுவே
சங்கிலி.

எழுந்துவிட்டேன்.
இந்த முறை எனக்கு முன்னால் யாரும் எழவில்லை.

இருபத்தாறு வருஷம் நான் இழுத்த சாமான் அது.
பட்டாவுக்கும் புறம்போக்குக்கும் நடுவே,
தலைக்கட்டு பிரிந்த பங்காளிகளுக்கு நடுவே,
முள்ளில் மாட்டியும் வெயிலில் நீண்டும்.
போன வருஷம் எடைக்குப் போட்டுவிட்டு
கையில் கருவியைத் திணித்தார்கள்.
அதைப் படிக்கத்தான் பதினாலாயிரம் கிலோமீட்டர்
பறந்து வந்தேன்.

"பத்து யார்டு" என்றாள் மார்லிஸ்.
கெஜம் என்று விழுந்தது என் காதில்.

கம்பு பிடித்த ஒருவரைத் தெரியும்,
மருந்துக்கடை வெர்லின் ஹூக்ஸ்ட்ரா,
வியாழக்கிழமை எனக்கு இருமல் மருந்து விற்றவர்.
தொய்வு விடாதே, மனுஷா,
தொய்வு விடாதே!
தமிழில் கத்தியிருக்கிறேன் போல.
மார்லிஸ் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள்.

மூவாயிரம் பேரின் மூச்சு
வெள்ளையாக நின்றது.
மண்டியிட்ட நடுவர் எழுந்து
இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.
இவ்வளவு குறை.

கண்ணால் வைத்ததை இரும்பால் அளந்தால்
இரும்புக்கு என்ன மரியாதை?
வைத்த இடமே ஒரு சாண் முன்பின் இருக்குமே.
ஆட்சேபணை மனு எங்கே?
மறு அளவை எங்கே?
நான் கல் நட்ட இடங்களில்
இரண்டு விரற்கடைக்கு
வாதி செத்து, பிரதிவாதி செத்து,
வக்கீலும் செத்து
வழக்கு மட்டும் உயிரோடிருக்கிறது.

இங்கே
அறுபத்துநாலு தலைக்கவசத்தைக் கழற்றினான்.
மொட்டைத் தலையிலிருந்து ஆவி பறந்தது.
பந்தை அவர்களுக்கு விட்டுவிட்டு நடந்தான்,
எல்லோரும் நடந்தார்கள்.
கிழவர் மட்டும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்,
அதையும் தன் பாப்கார்னிடம்.

ஆட்டம் முடிந்து, வேலியோரம்
வெர்லின் சங்கிலியைக் கித்தான் பையில் மடித்தார்.
தொட்டுப் பார்க்கலாமா என்றேன்.
இருமல் எப்படி என்று கேட்டபடி நீட்டினார்.
விரல் தானாகவே கண்ணி கண்ணியாக நகர்ந்தது.
பாதிக்கு மேல் ஒன்று
வாய் பிளந்து நீண்டிருந்தது.
எவ்வளவு கூடும் என்று எனக்குத் தெரியும்.

"நீதான் அளவைக்காரனாயிற்றே,"
காரைத் திறந்தபடி மார்லிஸ் கேட்டாள்,
"சரியாகத்தான் அளந்தார்களா?"

சரிதான் என்றேன்.
கோட்டுப் பைக்குள்
வாத்து வேட்டைக்காரனின் கையுறையில்
இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தன.