நூற்று அறுபத்தெட்டு

காலை ஐந்தேகால்.
வெள்ளவத்தை ஸ்டேஷன் மதிலோரம்
சப்பாத்துக் கயிற்றை இரண்டு முடிச்சாகப் போடுகிறேன்.
இடப்பக்கம் தண்டவாளம், அதற்கங்கால் கடல்.
இரண்டும் இன்னும் இருட்டுக்குள்.

முதல் ஐந்நூறு மீற்றருக்கு
உடம்பு என்னை நம்புவதில்லை.
மூச்சு முன்னுக்கு ஓடிப்போய்த்
திரும்பி நின்று முறைக்கிறது.
வலது முழங்கால் ஏதோ சொல்லத் தொடங்கி
விட்டுவிடுகிறது.
நாற்பத்தாறு வயதில் இதென்ன கூத்து என்று
ஈரலோ மண்ணீரலோ ஒன்று
விலாவுக்குக் கீழே கொழுவிப் பிடிக்கிறது.

ஆய்வுகூடத்தில் என் வேலை
ஆட்களின் கையைக் கட்டி இரத்தம் எடுப்பது.
ஒரு நாளைக்கு எண்பது நாளம்.
சீனி, கொழுப்பு, கிரியேற்றினின்:
மற்றவர்களுக்கு உள்ளே நடப்பது
எனக்கு எண்களாய்த் தெரியும்.
என்னுடையது போன வைகாசியில்தான் வந்தது.
வெறும்வயிற்றுச் சீனி நூற்று முப்பத்தொன்று.
குழாயில் ஒட்டியிருந்த பெயரை
இரண்டு தரம் வாசித்தேன்.

கால்வாய்ப் பாலம் தாண்டத்
தொடை இரண்டும் கடிக்கும்.
நுளம்பில்லை.
எத்தனையோ வருடம் மூடிக் கிடந்த சின்னக் குழாய்களுக்குள்
இரத்தம் புகுந்து லைற் போடுகிறது.
விரல் வீங்கி மோதிரம் இறுகும்.
மூக்கு ஒழுகும், சட்டைக் கையால் துடைத்தால்
பார்க்க ஒருவருமில்லை.
பம்பலப்பிட்டிக்குக் கிட்ட, எந்த இடமென்று சொல்லத் தெரியாது,
காலும் மூச்சும் என்னைக் கேளாமல்
ஓர் ஒப்பந்தத்துக்கு வரும்:
மூன்றடிக்கு உள்ளே, இரண்டடிக்கு வெளியே.
பாணந்துறை ரயில் இரும்பும் உப்புமாய் முகத்திலடித்துப் போகிறது.
வாசலில் தொங்குகிற ஒருவன்
நித்திரை கலையாத சிரிப்பொன்று சிரிக்கிறான்.

கைக்கடிகாரம் சொல்கிறது
நூற்று அறுபத்தெட்டு.

இந்த எண்ணை எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றெட்டு. லொட்ஜில் பக்கத்துக் கட்டில் வதனரூபி
முதல் நாளே சொன்னாள்:
"கொழும்பில ஓடாத. மழை பெய்தாலும் ஓடாத.
பஸ் போனாப் போகட்டும்."
ஒரு நாள் மறந்துபோனேன்.
நூறாம் இலக்க பஸ் நகரத் தொடங்கக்
கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
ஏழெட்டு அடி.
சென்ரியில் நின்றவன் துவக்கைத் தூக்கினான்.
கத்தியது விளங்கவில்லை.
கால் நின்றது.
இதயம் நிற்கவில்லை.
பொலிஸ் பதிவுத் துண்டை அவன்
தலைகீழாகப் பிடித்துப் பார்த்து முடியும்வரை,
பேந்து இரவு, பலகைத் தட்டிக்கு அந்தப்பக்கம்
யாரோ இருமி ஓயும்வரை
அது ஓடிக்கொண்டே இருந்தது.
கட்டில் சட்டத்தில் அதன் அடி கேட்டது.
எண்ணுவதற்கு அன்றைக்குக் கடிகாரம் இல்லை.
அவனுக்கும் இருபது வயதுதான் இருக்கும்.
அவனுடையது எவ்வளவு அடித்ததென்று
இப்போதுதான் யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் நடந்தேன்.
நேரத்தோடு வெளிக்கிடுகிற பிள்ளை என்று
வேலையிடத்தில் நல்ல பெயர்.

துவக்கோ சீனியோ,
சிறுநீரகத்தின் தலையில் குந்தியிருக்கிற சுரப்பிக்குக்
காரணம் கேட்கத் தெரியாது.
ஊற்றச் சொன்னால் ஊற்றும்.

கொள்ளுப்பிட்டியில் நிற்கிறேன், குனிந்து,
முழங்கால்களில் கை ஊன்றி.
நெற்றிப்பொட்டைத் தடவ உப்புக் குருணி.
இடக்கால் பெருவிரல் நகம் கறுத்துப்போச்சு,
வாற மாதம் விழும்.
நான் நின்றது நெஞ்சுக்கு இன்னும் எட்டவில்லை.

காலி வீதிக்கு ஏறி வரவும்
நூறு நகரவும் சரி.
அடுத்தது நாலு நிமிஷத்தில் வரும்.
அவசரம் ஒன்றுமில்லை.
ஓடினேன்.

"அக்கே, ஹெமின் ஹெமின்" என்று
கொண்டக்டர் பெடியன் எட்டி இழுத்தான்,
மணிக்கட்டில் பிடித்து,
நான் மற்றவர்களுக்கு விரல் வைக்கிற அதே இடத்தில்.
அவன் கைக்கு இடித்திருக்கும்.
ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு
மிச்சக் காசை எண்ணத் தொடங்கினான்.