முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

பணகுடியில் அண்ணாந்து பார்க்கும்படியான கூரை
பேச்சியம்மன் மஹாலுக்கு மட்டும்தான்.
கல்யாணம் இல்லாத நாளுக்கு
வாடகை முந்நூறு, கரண்டு தனி.
ஆடி, புரட்டாசி, மார்கழி.
ஊர் ஒதுக்கிவைத்த மாதங்களில்
நான் வளர்ந்தேன்.

வைகாசியில் எனக்கு இடம் கிடையாது.
ஆவணியில் கிடையாது.
தை பிறந்தால் வழி அடைபடும்.
யார் பத்திரிகை வைக்க வந்தாலும்
அம்மா தேதியைத்தான் முதலில் பார்ப்பாள்.
‘இருபத்தெட்டும் போச்சா’ என்பாள்.
வந்தவர்கள் தட்டோடு விழிப்பார்கள்.

மண்டபத்துச் சிவப்புக் கம்பளத்தில்
எப்படிக் கூட்டினாலும் மிஞ்சும் அட்சதை.
ஒற்றைக்காலில் நின்று சுழலும்போது
யாரோ யாரையோ வாழ்த்திய அரிசி
பெருவிரல் அடியில் குத்தும்.

ஆடிக்கு இன்னொரு சங்கடம், காற்று.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து
காற்றாலைகளைச் சுற்றிவிட்டு
மிச்சத்தை எங்கள் தெருவில் கொட்டும்.
என்னிடம் இருந்ததோ
ஆறு மீட்டர் ரிப்பன், முப்பத்தைந்து கிராம்.
பதினாறு ஜன்னலையும் அடைத்து
ஃபேனை நிறுத்தி
சமையல்கட்டுக் கதவுக்கடியில் சாக்கைத் திணித்து
வேர்த்து வழிய நின்றால்தான்
அது வட்டம் வட்டமாய் இறங்கும்.
இல்லையென்றால் முடிச்சு.
முடிச்சுக்கு மதிப்பெண் வெட்டு.
அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவராக இருந்து
‘ஏட்டி, முட்டு மடங்குது’ என்று
கணக்கு நோட்டில் கழிப்பான்.

புனேயில் பேர் வாசித்தவர்
முப்பிடாதியை மூன்றாக உடைத்தார்.
எந்தத் துண்டுக்கு எழுந்து போவதென்று தெரியாமல்
மூன்றுக்கும் சேர்த்துப் போனேன்.
வெள்ளி.
அடுத்த வருடம் தங்கம்.
பதினேழில் தாஷ்கண்ட்.

அங்கே பயிற்சி நாளில்
கூரையைப் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மற்றப் பெண்கள் வளையத்தை எறிந்துவிட்டு
இரண்டு முறை உருண்டு
ஒருமுறை சுழன்று
கொண்டை கலையாமல் காத்திருந்தார்கள்.
அதற்கப்புறம்தான் வளையம் வந்தது.

என் கைக்குத் தெரிந்த ஆகாயம் பதினெட்டு அடி.
அதற்குமேல் ஜிப்சம், பூவேலை, சரவிளக்கு.
ஒருமுறை கிளப் மோதி
கூரைத் தாமரையில் ஓர் இதழ் உடைந்தது.
எழுநூற்றைம்பது ரூபாய் கட்டினோம்.
அன்றிலிருந்து தோள் தானாகவே
பதினேழரையில் நின்றுகொண்டது.

தொண்ணூறு விநாடி.
எதுவும் நழுவவில்லை.
எறிந்ததெல்லாம் மஹாலின் உயரம்வரை போய்
சமர்த்தாகக் கைக்குத் திரும்பியது.
முப்பத்தோராவது இடம்.
எறிதலில் துணிச்சல் போதாது என்று
நடுவர்கள் பேசிக்கொண்டதாகக் கோச் சொன்னார்.
துணிச்சலா?
நான் எழுநூற்றைம்பதை நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான்கு வருடம்
புனே முகாமில் கூரையை மறக்கப் பழகினேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை
பந்து போனது, போய்க்கொண்டே இருந்தது,
கீழே நான் மூன்று சுற்று சுற்றி முடித்தும்
அது இறங்கவில்லை.
சிரித்துவிட்டேன்.
அதே மாதம் இடது கணுக்காலில்
இரண்டு திருகாணி வைத்தார்கள்.

இப்போது திருநெல்வேலி ஜங்ஷனில்
முன்பதிவுக் கவுன்ட்டர், விளையாட்டு ஒதுக்கீடு.
கீழ்ப் படுக்கை கேட்கிறவர்களுக்கு
மேல் படுக்கைதான் இருக்கிறது என்கிறேன்.

போன ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணம்,
பேச்சியம்மன் மஹாலில்.
ரசத்துக்குக் காத்திருந்தபோது மேலே பார்த்தேன்.
தாமரைக்கு இன்னும் ஏழு இதழ்தான்.
காசை வாங்கினார்கள், ஒட்டவில்லை.

‘என்னத்தப் பாக்கே, பல்லியா?’ என்றாள்
பக்கத்து இலைக்காரி.
ஆமாம் என்றேன்.
இருவரும் இலையைக் கொஞ்சம்
நகர்த்திக்கொண்டோம்.