மிச்சம் இருபத்திரண்டு நிமிடம்

படத்தின் பெயரை நான் கவனிக்கவில்லை.
எழுத்து ஓடும்போது சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

பழையபேட்டையில் மாடி அறை,
தகரக் கூரை, ஒரே ஒரு ஜன்னல்.
திறந்தால் மலை, மலை மேல் கோட்டை.
கோட்டைக்கு வாடகை இல்லை என்பான் மாதேஷ்.

ராத்திரி பத்துக்கு அவன் மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து வருவான்.
விடிகாலை நாலே முக்காலுக்கு
ரவுண்டானாவில் எனக்கு ஓசூர் கம்பெனி பஸ்.
நடுவில் இருப்பதுதான் கல்யாணம்.
அதில் சாப்பாடு போக, தூக்கம் போக
கால் மணி நேரம் கறுப்பு வெள்ளைப் படம்,
தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்த போனில்.

அதிலும் புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள்தான்.
அவன் பி.ஏ. படித்தவன், வேலை இல்லாதவன்,
எந்தக் கஷ்டத்திலும் தலைமுடி கலையாதவன்.
அவள் கண்ணில் மை, அடுப்பில் பூனை.
வீட்டுக்காரர் கதவைத் தட்டினால்
இருவரும் கட்டிலுக்குப் பின்னால் ஒளிவார்கள்.
மாதேஷ் சிரிப்பான், சிரித்தபடியே தூங்கிவிடுவான்.
மறுநாள் விட்ட இடத்திலிருந்து.

ஒருநாள் சண்டையே வந்தது
அவள் புடவை என்ன நிறம் என்று.
மாம்பழ மஞ்சள் என்றான்.
நாள் முழுக்கப் பெங்களூராவுக்குக் கொட்டையெடுப்பவனுக்கு
உலகமே மஞ்சள்.
ராமர் பச்சை, பார்டர் அரக்கு என்றேன் நான்.
பத்து ரூபாய் பந்தயம்.
யார் வந்து தீர்ப்பது?

இன்னொரு நாள்,
அரிசி இல்லாத வீட்டில்
அவள் வெறும் உலையைக் கொதிக்கவிட்டு
கரண்டியால் பானையைத் தட்டினாள்,
பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று.
"இதெல்லாம் சினிமாவுலதான்" என்றான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
வியாழக்கிழமைதான் அம்மாவிடம் போனில்
நாட்டுக்கோழிக் குழம்பு என்றிருந்தேன்;
கரண்டியில் கத்திரிக்காய்.

அப்புறம் அவள் வளையலைக் கழற்றி
முந்தானையில் முடிந்து கடைவீதிக்குப் போனாள்.
திரும்பும்போதும் கையில் வளையல்.
தங்கமா, பித்தளையா,
திரையில் எல்லாம் ஒரே சாம்பல்.
புருஷனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தது.
ஆடி பிறக்கும் முன் என் சங்கிலியும்
அப்படித்தான் போனது, அப்படித்தான் வந்தது.
போனது மூன்று பவுன், வந்தது கவரிங்.
அட்வான்ஸ் பாக்கிக்கு.
சீட்டு ராகி டப்பாவுக்குள்.
கழுத்தில் கொஞ்சம் அரிப்பு, அவ்வளவுதான்.

நேற்று,
மழையில் நனைந்து வந்து நிற்கிறான் படத்துக்காரன்.
அவள் கதவைத் திறக்கிறாள்.
இருவரும் பேச வாயெடுக்கும் நேரம் பார்த்து
நெட் தீர்ந்து வட்டம் சுற்றியது.
எங்கள் தகரத்தின் மேலும் மழை.

"அவ அடகு வெச்சது அவனுக்குத் தெரியும்."

"எப்படி?"

"களி கிண்ட மாவெடுக்கறப்போ."

படத்தில் அவர்கள் களி தின்றதே இல்லை.

வட்டம் சுற்றியது.
"எப்ப இருந்து?"
"பதினஞ்சு நாளா இருக்கும்."
"ஏன் கேக்கல?"
"கேட்டா மீட்டுக் குடுக்கணுமே. சீசன் இந்த வாரத்தோட சரி.
மிஷினக் கழுவி மூடச் சொல்லிட்டாங்க."

அதை அவன் போனைப் பார்த்தே சொன்னான்.
நானும் போனைப் பார்த்தே கேட்டுக்கொண்டேன்.
சாம்பல் நிறத்தில் இரண்டு பேர்
திறந்த வாய் திறந்தபடி
நாங்கள் பேசி முடிக்கட்டும் என்று நின்றார்கள்.

ஃபேக்டரியில் தள்ளிவிட்ட பழம் ஒன்று,
ஒரு பக்கம் அடிபட்டது,
அறுத்து ஆளுக்குப் பாதி தின்றுகொண்டிருந்தோம்.
ஓடுமோ என்று கட்டை விரலால் திரையைத் தட்டினான்.
ஓடவில்லை.
அவள் புடவை மேல்
தோள் முதல் கொசுவம் வரை
மஞ்சளாய் ஒரு தீற்றல்.

"பத்து ரூபா எடு" என்றான்.

சங்கிலியை மீட்ட பிறகு தருகிறேன் என்றேன்.
துடைக்காமல் அப்படியே
நாலே காலுக்கு அலாரம் வைத்தேன்.
படம் மிச்சம் இருபத்திரண்டு நிமிடம்.