இரண்டு சென்டிமீட்டர்

காலை எட்டுக்கு மதகடியில் குனிகிறேன்.
சுவரில் பதித்த அளவுகோல்; எனாமல் உதிர்ந்து
நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் துருவாகிவிட்டன.
நீர் அங்கே நிற்கும் நாட்களில்
ஊகித்துத்தான் எழுதுவேன்.

எதிர்க்கரையில் எர்னாரும் குனிகிறார்.
நடுவே பதினான்கு மீட்டர் அகலத் தண்ணீர்,
அதன் நடுவே எங்கோ எல்லை.
அவர் இருமினால் எனக்குக் கேட்கும்.
ஆனாலும் விதிப்படி தொலைபேசியில்தான் கேட்க வேண்டும்:
"ஜிபார், கிர்கிஸ் தரப்பின் எண்?"
"ஐம்பத்து மூன்று."
"கசாக் தரப்பு ஐம்பத்தொன்று."
பிறகு இருவரும் தலை நிமிர்ந்து
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

ஒரே நாடாயிருந்தபோது ஒரே கோல்.
பிரிந்த பிறகு அவர்கள் தங்களுக்கென்று
ஒன்று நட்டார்கள்.
அன்றிலிருந்து ஒரே தண்ணீருக்கு இரண்டு உயரம்.

கூட்டு ஆணையம் கூடியது, ஒரு விடுதியில்.
மேசை நெடுக பாட்டில் தண்ணீர்,
மூன்றாவது நாடொன்றின் மலைப்படம் ஒட்டியது.
பதினாறு பக்கத் தீர்மானத்தில்
எங்களுக்கு ஒரு வரி:
அளவு வேறுபாடு கவனத்தில் கொள்ளப்பட்டது.

ஜூனில் ஆறு மெலிந்தது.
கடைமடையிலிருந்து ஷோல்பான் என்பவள் வந்தாள்,
ரப்பர் காலணியில் காய்ந்த சேறு.
அக்கரையில் நின்று என்னைப் பார்த்துக் கத்தினாள்:
"நீ கூட்டி எழுதும் இரண்டு சென்டிமீட்டர்
என் அரை ஹெக்டேர் வெங்காயம்!"
இக்கரையில் எசென்பெக், அவரை விதைத்தவர்,
கத்தவில்லை. மெல்லச் சொன்னார்:
"ஒன்று குறைத்து எழுதினாலும் எனக்குத் தெரிந்துவிடும்."

அன்று மாலை எர்னார் தொலைபேசியில் இல்லை,
நேரே கூப்பிட்டார்.
மைத்துனரின் கார் கழுவும் கடையிலிருந்து
கண்ணாடி போன்ற ஒரு ரப்பர் குழாய்,
கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அதற்கு.
வாளியில் மொண்டு அந்த ஆற்றையே குழாய்க்குள் ஊற்றினோம்.
மதகின் நடைபாலத்தில் அதைக் கிடத்தும்போது
காவலர் வந்தார், பெயரையும்
குழாயின் நீளத்தையும் குறித்துக்கொண்டார்.
ஒரு காற்றுக்குமிழி எல்லையருகே சிக்கி நகர மறுத்தது.
சுண்டிச் சுண்டி அதை ஓட்டக் கால்மணி நேரம்.
சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நீர் இருபுறமும் ஏறி இறங்கி,
நின்றது.

ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர் தவறு என்று வந்திருந்தால்
கைகுலுக்கிவிட்டுப் போயிருப்பேன்.
இரண்டுமே என் பக்கம்.
சுவர் அமிழ்ந்திருக்கிறது,
எந்த நிலநடுக்கத்திலோ, சும்மாவே கனம் தாங்காமலோ.
பத்தொன்பது ஆண்டுகளாக நான்
கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறேன்,
நீல மையில், அழகான கையெழுத்தில்.

எர்னார் ஒன்றும் சொல்லவில்லை.
குழாயைச் சுருட்டி, மிச்ச நீரை
மதகுக்குக் கீழே, கடைமடைப் பக்கமாக ஊற்றினார்.
அதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இரவு முழுக்கப் பேரேட்டைத் திறந்து வைத்திருந்தேன்.
விடிந்ததும் எழுதினேன்: ஐம்பத்தொன்று.
ஓரத்தில், காரணம்.
கீழே, என் பெயர்.
அன்றைக்கே தலைமடையில் பலகையை இரு விரற்கடை தூக்கினார்கள்.
எசென்பெக் இன்றுவரை
கடையில் என்னைக் கண்டால் தராசைப் பார்க்கிறார்.

இப்போது ஆகஸ்டு.
எங்களுக்குள் ஒரு சச்சரவும் இல்லை.
"முப்பத்தொன்று," என்கிறேன்.
"முப்பத்தொன்று," என்கிறார்.
அவரை அங்கே கருகுகிறது, வெங்காயம் இங்கே;
இல்லை, மாற்றிச் சொல்லிவிட்டேன்,
எது எங்கே என்பது
இந்த வெயிலில் மறந்துபோகிறது.
எவ்வளவு இல்லை என்பதில்
முழு உடன்பாட்டுக்கு வந்துவிட்டோம்.

எண்ணைச் சொன்ன பிறகும்
அவர் இணைப்பைத் துண்டிப்பதில்லை.
"மேலே பனி எப்படி?"
இங்கிருந்து சிகரம் தெரியாது, அவருக்கும் தெரியும்.
ஆனாலும் வெளியே வந்து,
கண்ணுக்குமேல் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான்
பதில் சொல்கிறேன்.