ஸ்டார்ட் பட்டன் இல்லாத கை

குல்நாஸின் அண்ணன் பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த பெட்டியில்
இரண்டு கைப்பிடிகள்.
முதலாவதில் ஸ்டார்ட் பட்டன் உண்டு.
இரண்டாவதில் கிடையாது.
அது எனக்கு.

தொடங்கவும் முடியாது, நடுவில் நிறுத்தவும் முடியாது.
"ஒண்ணுக்கு வருதுடி, நிறுத்து" என்று கெஞ்சத்தான் முடியும்.
பெரிய ராட்சசன் வர்ற நேரம், அடக்கிக்கோ என்பாள்.

மே மாதக் குடியாத்தம்.
கவுண்டன்ய ஆற்றுமணலில் நாய்கூட இறங்காது.
தரணம்பேட்டையில் அவர்கள் வீட்டு முன்னறையின்
சிவப்பு சிமெண்டுத் தரை மட்டும்
வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

கேசட்டின் மேல்
ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று அச்சடித்திருந்தான்.
உட்கார்ந்து எண்ணினோம்.
பதினேழு.
பதினெட்டாவதில் அதே டாங்கி
பச்சைச் சாயம் பூசிக்கொண்டு வந்தது.

படம் வராவிட்டால் ஊத வேண்டும்.
அவள் பிஸ்மி சொல்லி ஊதுவாள்.
நான் கெங்கையம்மா என்று ஊதுவேன்.
யார் ஊதியதில் வந்தது என்பதற்கு
இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம்.

செங்கல்லுக்குப் பின்னால் நிற்கும் பறவையைக் காக்கிற ஆட்டத்தில்
பறவையை நானே சுட்டேன்,
ஒருமுறை அல்ல.
அதனால் ஓடுகிற ஆட்டத்துக்கு மாறினோம்:
சட்டையில்லாத இரண்டு பேர்,
நீலக் கால்சட்டை அவள், சிவப்பு நான்,
வலப்பக்கமாகவே ஓடுவோம்.
அந்த ஊரில் இடப்பக்கம் என்று ஒன்று இல்லை.

அருவி வருவதற்குள் என் மூன்று உயிரும் தீர்ந்துவிடும்.
அப்புறம் சுவரில் சாய்ந்து
அவள் தனியாகப் பிழைப்பதைப் பார்க்க வேண்டும்.
ஒருநாள் கோபத்தில் பட்டனை அமுக்கித் தொலைத்தேன்.
சிவப்புக் கால்சட்டை வானத்திலிருந்து குதித்தான்.
அவள் கணக்கில் ஒன்று குறைந்தது.

கேட்க வேண்டாம். கையெழுத்து வேண்டாம்.
அமுக்கினால் போதும், உயிர்.

"அரே, திருடி!"
அம்மா ஒட்டுகிற தீப்பெட்டி லேபிள்களில்
கோணலாய் அச்சானவற்றை நான் கொண்டுபோவேன்.
அதன் முதுகில் குல்நாஸ் கடன் எழுதத் தொடங்கினாள்.
திங்கள் இரண்டு.
செவ்வாய் ஒன்று.
வெள்ளி ஒன்று, ஆனால் கரண்ட் போனது,
பிறகு பேசிக்கொள்ளலாம்.

சிரசுத் திருவிழா அன்றும் ஆடினோம்.
கடைசிக் கட்டம். பம்பைச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவளாகவே ஸ்டார்ட்டை அமுக்கினாள், நிறுத்தினாள்.
மாடிக்கு ஓடினோம்.

கீழே தலைகள், தலைகள்,
அவற்றின் மேல் மிதந்து
பூவுக்குள் அம்மனின் ஒற்றை முகம்.
கைப்பிடிச் சுவரில் நெஞ்சு பதிய எட்டிப் பார்த்தவள்
"கண்ணு எவ்ளோ பெருசு பாரேன்" என்றாள்.
சாமி எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பும்வரை நின்றோம்.

திரும்பி வந்தால்
டிவி அடுப்பாய்ச் சுட்டது.
உள்ளே நாங்கள் இருவரும்
குட்டிக்கரணத்தின் பாதியில்,
அந்தரத்தில், சுருண்டபடி.

முதல் கைப்பிடியை என் பக்கம் தள்ளினாள்.
"நீ அமுக்கு."
அமுக்கினேன்.
உலகம் என் கட்டைவிரலுக்குக் கட்டுப்பட்டு நகர்ந்தது.
மூன்றாவது விநாடி செத்தேன்.
அவளிடம் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் வகுப்போடு அவர்கள் பெங்களூர் போனார்கள்.
பெட்டியை யாருக்குக் கொடுத்தார்களோ.
லேபிள் கட்டு அவளிடம்தான்.

போன வருஷம் காட்பாடி, இரண்டாம் பிளாட்பாரம்.
கிளம்பப்போகிற வண்டியின் ஜன்னலில்
குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி
என்னையே பார்த்தாள்.
பெயர் சொல்லவில்லை, நலம் கேட்கவில்லை.
"பன்னெண்டு" என்றாள்.

வண்டி நகர்ந்தது.
பையோடு கூடவே ஓடினேன்,
வலப்பக்கமாக.
"பதினொண்ணுதான்டி! வெள்ளிக்கிழமை கரண்ட் போச்சு,
அது செல்லாது!"