உள்ளே யாராவது இருக்கிறார்களா

எருமையின் பேர் வைத்த ஊர் எங்களுடையது.
மழையென்ன, இடுப்பளவு பனி கொட்டினாலும் அசையாது.
ஆனால் வண்டி நிறுத்தும் இடம் பறிபோனால்
பஃபலோ முழுக்க எழுந்து நின்று கத்தும்.

டிசம்பர் முதல் வாரத்திலிருந்து
என் வாசலுக்கு நேரே அந்தப் பச்சை ஓல்ட்ஸ்மொபைல்.
முன் டயர் ஒன்று சப்பை.
பின்கண்ணாடித் தூசியில் எவனோ விரலால் எழுதிய கெட்டவார்த்தை,
அதன்மேல் பனி, பனியின்மேல்
இன்னொருவன் எழுதிய அதே வார்த்தை.

இரவுப் பணி முடிந்து
இரண்டு தெரு தள்ளி என் வண்டியை விட்டுவிட்டு
வழுக்கி வழுக்கி வந்துசேர்ந்த ஒரு விடியலில்
கோட்டைக்கூடக் கழற்றாமல் மாநகராட்சிக்குப் போன் போட்டேன்.

நிறம்?
பச்சை. துருவையும் சேர்த்தால் பழுப்பு.
நம்பர்?
ஒஹையோ பலகை. கடைசி இரண்டு எழுத்து பனிக்குள்.
எத்தனை நாளாக?
நான் எண்ணியது பத்தொன்பது.
டயர்?
சொன்னேன்.
உள்ளே யாராவது இருக்கிறார்களா?

என்னது?

படிவத்தில் இருக்கிறது மேடம், கேட்டாக வேண்டும்.
அந்தப் பெண்ணின் குரலில் கொட்டாவி.

போனைத் தோளில் இடுக்கியபடி இறங்கிப்போனேன்.
முழங்கையால் ஜன்னலைத் துடைத்தேன்.
துடைத்தும் துலங்கவில்லை.
உறைபனி உள்பக்கம் இருந்தது.

வெளியே படிவது வானத்துடையது.
உள்ளே படிவது மூச்சு.

இல்லை, என்றேன்.
அதாவது, வேண்டாம். புகாரை எடுத்துவிடுங்கள்.
எண் விழுந்துவிட்டது மேடம், எடுக்க வழியில்லை.
ஐந்து வேலைநாளில் ஆள் வருவார்.
நன்றி மிஸ் ப்ரோகோப். வேறு ஏதும் உதவி?

வேறு ஏதும் உதவி.

மறுநாள் மதியம் கதவைத் தட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை.
வெயிலில் கண்ணாடி கொஞ்சம் இளகியிருந்தது:
நான்காக மடித்த போர்வை,
காபிக் கோப்பையில் ஒரு பல்துலக்கி,
இருக்கைக்கடியில் குதிகால் சேர்த்து வைத்த
பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ.

ஓடும் வண்டியை இழுக்கமாட்டார்கள்.
ஓடுகிற மாதிரி இருந்தால் போதும்.
கூரைப் பனியைத் தள்ளினேன், கெட்டவார்த்தை இரண்டும் போயின.
வைப்பரில் ஊறிக்கிடந்த பீட்சா விளம்பரங்களை உருவினேன்.
மூலைக்கடை முக்பில் காற்றடிக்கும் மிஷினோடு வந்தான்.
எதற்கு என்று அவன் தம்பி கேட்டான்,
முக்பில் அரபியில் ஏதோ சொல்ல வாயை மூடிக்கொண்டான்.
கடைசியாக, சக்கரத்துக்குப் பின்னால் மண்வாரியால்
நீளமாக இரண்டு தடம் வெட்டினேன்,
நேற்று இரவுதான் வந்து நின்ற மாதிரி.

புதன்கிழமை ஆரஞ்சுச் சட்டைக்காரர் வந்தார்.
சுண்ணக்கட்டியை உள்ளங்கையில் உருட்டினார்.
தடத்தைப் பார்த்தார். மண்வாரி சாய்ந்திருந்த என் படியைப் பார்த்தார்.
எதையோ கிறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜெயித்த மிதப்பில் அன்றிரவு
ஒரு டப்பா பீட்ரூட் சூப்பை பானட்டில் வைத்தேன்.
காலையில் அது அங்கேயே, சிவப்புக் கல்லாக உறைந்து.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது.
பத்தொன்பது நாள் ஒரு தெருவின் கண்ணில் படாமலிருக்கத்
தெரிந்தவனுக்கு, அல்லது தெரிந்தவளுக்கு,
துடைத்த கூரையும் நிரம்பிய டயரும்
என்ன சொல்லியிருக்கும்?
பார்த்துவிட்டோம் என்று.

போர்வை இல்லை. ஷூ இல்லை.
பல்துலக்கி மட்டும் கோப்பையில்.
கண்ணாடி உள்பக்கம் சுத்தமாக இருக்கிறது.

மார்ச் வந்துவிட்டது.
இப்போதுதான் அது கைவிடப்பட்ட வண்டி.
எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் உண்டு,
கடைசிக் கேள்விக்கும்.
ஆனாலும் இரண்டு தெரு தள்ளியே நிறுத்துகிறேன்,
பனி விழுந்த காலைகளில் துடைப்பத்தோடு இறங்குகிறேன்.

உன் வண்டியா அது, என்று
நேற்று எதிர்வீட்டு லுட்மிலா கேட்டாள்.

முன் டயரில் காற்று இன்னும் நிற்கிறது,
என்றேன்.