வடாலா கேட், இரவு 1:40

ஷிரோட்கர் கூப்பிட்டபோது
கடைசி ஹார்பர் லோக்கல் போயிருந்தது.
கேட்டில் ரசீது வரவில்லை.
முப்பத்தொரு லாரி.
"உங்க பழைய பெட்டிதான் மேடம்" என்றார்,
பழைய என்பதை மட்டும் மராத்தியில்.

ஷிவ்டி ஆபீஸ், இரண்டாம் மாடி.
பதினெட்டு டிகிரிக் குளிரில்
அந்தக் கறுப்புப் பெட்டி
தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.
சால்வையை இழுத்துக்கொண்டு
பச்சைத் திரையில்
அதே புரோகிராமை, அதே எண்ணோடு கூப்பிட்டேன்.
வந்தது.
எடை, வரி, கேட் நம்பர், எல்லாம் ஒரு நொடிக்குள்.

அவர் அங்கிருந்து கூப்பிட்டார்.
இல்லை என்றது.
அனுமதி இல்லை என்றிருந்தால்கூடப் புரியும்.
அப்படி ஒன்றே இல்லையாம்.
பிழை எண் 3401.

கன்டெய்னர் எண்ணுக்குப் பதினொரு எழுத்து.
பத்தை அனுப்பிவிட்டு
ஒன்றைக் காலியாக விட்டிருப்பாரோ?
படிக்கச் சொன்னேன்.
எம் ஃபார் மாஹிம். டி ஃபார் தாதர்.
எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொன்று சரி.
எடைக்கு ஏழு இலக்கம், சரி.
கடவுச்சொல் காலாவதியா? இல்லை.
"உங்க பக்கம் என்ன மாத்தினீங்க?"
"ஒண்ணும் இல்ல மேடம்."
நான்கு முறை கேட்டேன்.
நான்காம் முறை அவர் பதில் சொல்லவில்லை.

இன்னொரு ஃபோன், உதவி எண்ணுக்கு.
என் இந்தியைக் கேட்டதுமே
"அக்கா, தமிழுங்களா?"
செங்கோடன், சங்ககிரி வண்டி.
"லிஸ்டுல பேரு இல்லைங்கறான்க்கா.
நான் அவன் மூஞ்சிக்கு நேரா நிக்கறேன்.
பின்னாடி பதினாறு டன்னு நிக்குது.
அதுகூடவா தெரியல?"
கொஞ்ச நேரம் பொறுங்கள் என்றேன்.
எந்த லிஸ்ட் என்று கேட்டிருக்க வேண்டும்.
அது அரைமணி கழித்துத்தான் உறைத்தது.

தூரத்திலிருந்து வரும் அழைப்பு
என் பெயரில் உள்ளே வருவதில்லை.
அதற்கென்று ஓர் ஆள், அவன் கையில் ஒரு பட்டியல்:
இந்த லைப்ரரி, இந்த லைப்ரரி, இந்த லைப்ரரி.
அதில் மட்டும் தேடுவான்.
பக்கத்து அறையில் விளக்கெரிந்தாலும்
எட்டிப்பார்க்க மாட்டான்.

ஜாப் லாகைக் கீழிருந்து மேலாகப் படித்தேன்.
அவன் பட்டியலில் நான்கு.
என் பட்டியலில் ஐந்து.

ஐந்தாவதை யார் எடுத்தது?
இப்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது.
வாயில் நல்ல வசை ஒன்றும் தயாராக இருந்தது.
பதிவேட்டைத் திறந்தேன்.
வெள்ளி, மாலை ஆறு ஐம்பத்திரண்டு.
பயனர்:
பத்தெழுத்துக்குள் சுருக்கிய என் பெயர்.

ஆடிட்டர் வருகிறார் என்று
பயன்படாதவற்றைக் கழித்துக்கொண்டிருந்தேன் அன்று.
ஏழு பன்னிரண்டு பன்வெல் வண்டியைப் பிடிக்கிற அவசரம்.
அதை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.
நான் பார்க்கும் நேரத்தில்
லாரிகள் தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

சனி ஓடியது, ஞாயிறு ஓடியது.
ஏற்கெனவே எழுந்து நின்ற வேலைகள்
பழைய பட்டியலையே கையில் வைத்திருந்தன.
திங்கள் இரவு மறுதொடக்கம்.
புதியவை புதிய பட்டியலோடு வந்தன,
நான் கொடுத்ததை அப்படியே நம்பி.

ஒரு பெயரைச் சேர்த்தேன்.
நிற்கிறவர்களை உட்காரச் சொல்லி
மறுபடி எழுப்பினேன்.
மூன்று இருபத்தாறு.
"வந்துடுச்சு மேடம்!"
பின்னால் டீசல் உறுமல், யாரோ விசில்.
"என்ன பண்ணீங்க?"
"பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.
அதுவும் பொய்தான், சின்னதாக.

சங்ககிரி வண்டி பதினேழாவதாக உள்ளே போனது.
திரையில் பார்த்தேன்.
எடை பதினாறு டன், நூற்று நாற்பது கிலோ.
மனுஷன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

அறிக்கை.
காரணம்: பட்டியலில் மாற்றம் ஏற்பட்டுள்ளது.
ஏற்பட்டுள்ளது, மழை மாதிரி.
அழித்தேன்.
ஷிரோட்கருக்கு ஒரு நகல் என்று சேர்த்தேன்.
யாரால் என்ற கட்டம்
பத்தெழுத்துதான் கொள்ளும்.
கொண்டது.